கூண்டில் வெள்ளை எலி, சாக்கடையில் பெருச்சாளி

எலியை நம் நாட்டுச் சட்டமே இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எலியையும் சுண்டெலியையும், காக்கை, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு சேர்த்து, தீங்கு செய்யும் உயிர்களின் பட்டியலில் நெடுங்காலம் வைத்திருந்தது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட செல்லப் பிராணிக் கடை விதிகளோ நாய், பூனை, முயல், கினிப் பன்றி, ஹாம்ஸ்டர் வரிசையில் எலிகளையும் செல்லப் பிராணி என்றே எழுதின. 2022-இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் அந்தத் தீங்குயிர்ப் பட்டியலையே நீக்கிவிட்டது. வடசென்னையின் ராயபுரம் போன்ற ஒரு பகுதியில் இந்த இரண்டு பார்வைகளும் ஒரே தெருவில், சில நேரம் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. மீன்பிடித் துறைமுகமும் கிடங்குகளும் திறந்த சாக்கடைகளும் உள்ள இடத்தில் இரவெல்லாம் எலிக்கும் பெருச்சாளிக்கும் பயந்து கதவிடுக்கில் கோணிச் சாக்கை அடைக்கிற குடும்பத்தில்தான், பிராணிக் கடையில் பார்த்த வெள்ளை எலியைக் கேட்டு ஒரு பிள்ளை அடம்பிடிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? எலியைத் தாராளமாக வளர்க்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் விலை குறைவு, இடம் குறைவு, வேலை குறைவு என்ற மூன்று காரணங்களுக்காக முதன்முறையாக வாங்குகிறவர்கள் வாங்கவே கூடாது. துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பில் வளர்ப்பெலியைப் பேணுவது என்பது தெரு எலியை வீட்டுக்குள் விடாமல் வைப்பதில் தொடங்குகிறது. அதைச் செய்ய முடியாத வீடு கூண்டு வாங்கக் கூடாது.

கடைகளில் விற்கும் வெள்ளை எலி தனியொரு இனம் அல்ல என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பழுப்பு எலி என்று உயிரியலார் சொல்லும் இனத்தின் வளர்ப்பு வடிவம் அது. அறிவியல் பெயரில் நார்வே நாடு ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதன் பூர்விகம் வட சீனாவும் மங்கோலியாவும். கப்பலேறி உலகெங்கும் பரவிய அந்த இனம் இந்தியாவில் பெரும்பாலும் மும்பை, கொல்கத்தா, சென்னை போன்ற துறைமுக நகரங்களில்தான் நிலைகொண்டிருக்கிறது. நம் வீட்டுப் பரணிலும் ஓட்டுக் கூரையிலும் ஓடுவது வேறு இனமான வீட்டெலி. சாக்கடை ஓரம் மண்ணைக் குடைவது பெருச்சாளி. நீண்ட மூக்கோடு சுவரோரம் கீச்சிட்டுப் போகும் மூஞ்சூறு எலி வகையிலேயே சேராது. இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எலி பிடிப்பதைத் தொழிலாகச் செய்த ஜாக் பிளாக் என்பவர், பிடிபட்டவற்றில் புதிய நிறமுள்ளவற்றைக் கொல்லாமல் பெருக்கி, வளர்ப்பதற்கென்று விற்றார். 1901-இல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் அந்நாட்டுச் சுண்டெலிக் கண்காட்சியில் எலிக்கும் இடம் கிடைத்தது. 1906 முதல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள விஸ்டார் நிறுவனம் ஆய்வகத்துக்கென்றே ஒரு வெள்ளை எலி வம்சத்தை உருவாக்கியது. தலைமுறை தலைமுறையாகச் சாதுவானவற்றையே தேர்ந்து பெருக்கியதால் இன்றைய வளர்ப்பெலி மனிதக் கையைக் கண்டு ஓடுவதில்லை. ஆனால் மாறியது குணம்தான். பல்லும் நுரையீரலும் கிருமியைச் சுமக்கும் இயல்பும் அப்படியேதான் இருக்கின்றன. கூண்டிலுள்ள வெள்ளை எலியும் துறைமுகக் கிடங்கில் திரியும் பழுப்பு எலியும் கூடிக் குட்டி போடக்கூடிய ஒரே இனம். நோயையும் அவை பகிர்ந்துகொள்ளும். ராயபுரத்தில் எலி வளர்க்க நினைப்பவர் எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்தே வருகின்றன.

‘சின்ன உயிர், சின்ன வேலை’ என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு ஆய்வுகளே சாட்சி. 2011-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குழாயில் அடைபட்டுத் தவிக்கும் தன் கூட்டாளியை மற்றோர் எலி கதவைத் திறந்து விடுவிப்பதைக் காட்டினார்கள். பக்கத்திலேயே சாக்லேட் இருந்தபோதும் அது கூட்டாளியை விடுவித்தது. பல நேரங்களில் சாக்லேட்டையும் அதோடு பகிர்ந்துகொண்டது. 2019-இல் பெர்லின் ஆய்வாளர்கள் எலிகளுக்கு மனிதரோடு கண்ணாமூச்சி விளையாடக் கற்றுத்தந்தார்கள். ஒளிவதும் தேடுவதுமான இரண்டு பாத்திரங்களையும் அவை புரிந்துகொண்டு விளையாடின. கிச்சுக்கிச்சு மூட்டினால் மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியில் அவை மகிழ்ச்சிக் குரல் எழுப்புவதும் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகியிருக்கிறது. இப்படிக் கூடி வாழும் உயிரை ஒற்றையாக ஒரு சின்னக் கம்பிக் கூண்டில் போட்டு, பள்ளி விட்டு வந்து பத்து நிமிடம் பார்ப்பது அதற்குச் செய்யும் கொடுமை. ஆகவே முதன்முறை வாங்குகிறவருக்கு முதல் விதி, ஒரே பாலைச் சேர்ந்த இரண்டு எலிகளைச் சேர்த்து வாங்குவது. ஆணும் பெண்ணுமாக வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்தாறு வாரத்திலேயே அவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். கர்ப்பகாலம் சுமார் 21 முதல் 23 நாள். ஓர் ஈற்றில் எட்டுப் பத்துக் குட்டிகள் சாதாரணம். ஈன்ற மறுநாளே தாய் மீண்டும் சூல் கொள்ளலாம். இதைச் சொல்லாமல் ஜோடியாக விற்கும் கடைக்காரர் ஒரு குடும்பத்தின் தலையில் சில மாதங்களில் ஒரு கூட்டத்தையே கட்டிவிடுகிறார். அந்தக் கூட்டம் கடைசியில் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையிலோ குப்பைமேட்டிலோ விடப்பட்டால், காகத்துக்கும் பூனைக்கும் பசிக்கும் பலியாவதைத் தவிர அவற்றுக்கு வேறு வழியில்லை.

இனி, பெரும்பாலோர் முதலில் எழுப்பும் மறுப்புக்கு வருவோம். எலி என்றாலே நோய், அதைப் போய் வீட்டுக்குள் வளர்ப்பதா என்பது அந்தக் கேள்வி. துறைமுக மக்கள் இதைக் கேட்பதற்கு வரலாறே காரணம். 1896-இல் மும்பைத் துறைமுகத்தின் வழியே நுழைந்த பிளேக் இந்தியா முழுவதையும் உலுக்கியது. 1898-இல் கராச்சியில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன், எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைக் கடத்துகிறது என்று காட்டினார். 1994-இல் சூரத்தில் மீண்டும் பிளேக் அச்சம் எழுந்து ஊரே கலைந்து ஓடியதை இன்னும் பலர் மறக்கவில்லை. நம் காலத்தில் சென்னை அன்றாடம் எதிர்கொள்வது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரில் வெளிவரும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி தேங்கிய நீரில் கலந்து, காலிலுள்ள வெடிப்பு, புண், கண், வாய் வழியே உடலுக்குள் புகுந்துவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் வடசென்னைத் தெருக்கள் நாள்கணக்கில் நீரில் நின்றபோது, சாக்கடையும் தெருவும் ஒன்றாகிப் போயின. அப்படிப்பட்ட இடத்தில் எலியைக் கண்டு அஞ்சுவது அறியாமை அல்ல. அனுபவம் தந்த எச்சரிக்கை. ஆனால் அந்த எச்சரிக்கை எதை நோக்கியதாக இருக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். சுத்தமான இடத்தில் பிறந்து, மூடிய கூண்டில் வளர்ந்து, சாக்கடை நீரையோ தெரு எலியையோ தொடாத வளர்ப்பெலி லெப்டோஸ்பைராவைச் சுமக்கும் வாய்ப்பு குறைவு. கூண்டைத் தேடி இரவில் வரும் வீட்டெலியும் பெருச்சாளியும்தான் ஆபத்தைக் கொண்டுவருகின்றன. கூண்டின் தீனி வாசனை அவற்றை அழைக்கிறது. கூண்டின் மேலும் கீழும் அவை சிறுநீர் விடுகின்றன. அங்குள்ள தீனித் தட்டை மறுநாள் ஒரு குழந்தை கையால் எடுக்கிறது.

துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: கரையில் கட்டிய கயிறுகளில் வட்டத் தகடுகளை மாட்டியிருப்பார்கள். கயிறு வழியே எலி ஏறாமலும் இறங்காமலும் தடுக்கும் தகடு அது. எலியோடு வரும் நோயைத் தடுக்கக் கப்பல்களைச் சோதித்துச் சான்றிதழ் தருவதும் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட நடைமுறை. எலி வளர்க்கும் வீடும் இதே எல்லைக் காவலைச் செய்ய வேண்டும். கூண்டு தரையில் இருக்கக் கூடாது. சுவரை ஒட்டாமல், ஏறிவர வழியில்லாத வழவழப்பான காலுள்ள மேசைமேல் இருக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய் வாய்க்கு வலை, கதவின் அடியில் தகடு, சுவர் ஓட்டைகளுக்குச் சிமெண்ட் பூச்சு ஆகியவை கூண்டு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தீனியை மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். மிச்சத்தை இரவுக்கு முன் எடுத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் தெருவென்றால், கூண்டை எங்கே கொண்டுபோவது என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். இரவில் கூரையில் எலி ஓடும் சத்தம் கேட்கிற வீடு, முதலில் அந்த எலியை நிறுத்த வேண்டும். பிறகுதான் கூண்டைப் பற்றி யோசிக்கலாம்.

வளர்ப்பெலியால் நோயே வராது என்று சொல்கிறவர்களையும் நம்ப வேண்டாம். எலிக்கடிக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமி, பார்வைக்கு ஆரோக்கியமான எலியின் வாயிலும் தொண்டையிலும் இயல்பாகவே இருக்கலாம். கடிபட்டோ கீறல்பட்டோ சில நாள் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தோலில் தடிப்பு என்று அது வெளிப்படும். 2017-இல் அமெரிக்காவின் சில மாநிலங்களில், செல்ல எலிகளிடமிருந்து சியோல் வைரஸ் என்ற தொற்று மனிதருக்குப் பரவியது. அதனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்கள் உள்ள வீட்டில் எலி வேண்டாம். எலியைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முத்தமிடுவது, தட்டில் சேர்த்து ஊட்டுவது கூடாது. சமையல் மேடையிலோ பாத்திரம் கழுவும் தொட்டியிலோ கூண்டைக் கழுவக் கூடாது. கடிபட்டால் உடனே கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் என்று ஸ்டான்லி மருத்துவமனைக்கோ தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனைக்கோ போனால், வீட்டில் எலி வளர்ப்பதை மருத்துவர் கேட்காமலேயே சொல்லிவிட வேண்டும். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து நாள் கடத்துவதைத் தடுக்க அந்த ஒரு சொல் போதும். இந்த நெறிகளைக் கடைப்பிடிக்கும் குடும்பத்துக்கு எலியால் வரும் ஆபத்து மிகக் குறைந்துவிடும்.

எலிக்கே வரும் ஆபத்துகளில் வடசென்னையில் முதலிடம் வெயிலுக்கு. எலிக்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது. வாலின் வழியேதான் பெரும்பாலும் அது உடல் சூட்டை இறக்குகிறது. காற்றின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் மே மாத நண்பகல் அதைக் கொன்றுவிடும். எனவே வீட்டின் மிகக் குளிர்ந்த மூலை எதுவோ, அதுதான் எலிக்கு உரிய இடம். ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து ஓரத்தில் வாசல் வைத்தால், உள்ளே நாள் முழுக்கக் குளிர்ச்சி இருக்கும். துணி சுற்றிய பனிக்கட்டிப் புட்டியைக் கூண்டோரம் வைக்கலாம். அடுத்த ஆபத்து மூச்சுக்கு. எலிகளிடையே மிகச் சாதாரணமாகக் காணப்படும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி நுரையீரலைத் தாக்கும். சிறுநீர் ஊறிய கூண்டிலிருந்து எழும் அம்மோனியா வாடை அதை முற்றவைக்கும். தச்சுப் பட்டறைகளில் மலிவாகக் கிடைக்கும் மரத்தூளை அடியில் கொட்டுவது பலரும் செய்யும் தவறு. அதன் தூசி மூச்சை அடைக்கும். பைன் மரத்தூளிலுள்ள வேதிப்பொருள்களும் நுரையீரலுக்குக் கேடு. கிழித்த வெள்ளைத் தாள், பழைய பருத்தித் துணி போதும். ஈரமானதைத் தினமும் மாற்ற வேண்டும். வெறும் கம்பித் தரையில் எலியை நிற்கவிட்டால் பாதத்தில் புண் வரும். மூக்கிலும் கண்ணோரத்திலும் சிவப்பாக ஏதேனும் ஒட்டியிருந்தால், அது இரத்தமாகத் தோன்றினாலும் பெரும்பாலும் கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பியிலிருந்து வரும் கசிவுதான். அது மிகுந்தால் உடல்நலக் குறைவின் அறிகுறி.

தீனியிலும் மருத்துவத்திலும்தான் ‘செலவில்லாத பிராணி’ என்ற பேச்சு முற்றிலும் பொய்யாகிறது. ஓர் எலி ஒரு நாளில் தின்பது 15, 20 கிராம்தான். கம்பு, கேழ்வரகு, ஓட்ஸ் போன்ற தானியத்தோடு கொஞ்சம் கீரை, கேரட், அவ்வப்போது அவித்த முட்டைத் துண்டு என்று கொடுத்தால் குடும்பத்துக்குப் பாரமில்லை. ஆனால் முறுக்கும் பஜ்ஜியும் மிச்சமான இனிப்பும் கொடுத்தால் உடல் பெருத்து, நோய் சீக்கிரம் வரும். பெண் எலிகளுக்கு மார்புக் கட்டிகள் வருவது சகஜம். அப்போது நாய்க்குப் பார்க்கும் எல்லா மருத்துவரும் எலிக்குப் பார்க்க மாட்டார்கள். 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில், ராயபுரத்திலிருந்து எட்டும் தூரத்தில் இருப்பது இப்பகுதி மக்களின் நல்வாய்ப்பு. அங்கோ வேறெங்கோ சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் யார் என்பதை எலியை வாங்கும் முன்பே விசாரித்து வைக்க வேண்டும். விலையாகக் கொடுத்த தொகையைவிடப் பல மடங்கு ஒரே சிகிச்சையில் செலவாகலாம். ‘இருநூறு ரூபாய் எலிக்கு ஆயிரம் ரூபாய் செலவா?’ என்று கேட்கத் தோன்றுகிறவர், அந்த எலியை வாங்காதிருப்பதே நேர்மை.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. எலி கடித்துக் குழந்தைகள் அலறும் தெருவில், எலி நாசம் செய்த அரிசியைக் கொட்டும் வீடுகளின் நடுவே, எலியைச் செல்லமாக வளர்ப்பது வசதியுள்ளவர்களின் வீண் ஆசை அல்லவா என்று கேட்பார்கள். வளர்ப்பெலியைப் பேணுவதும் தெரு எலியைக் கட்டுப்படுத்துவதும் ஒன்றுக்கொன்று எதிரல்ல. ஒரே அறிவின் இரண்டு பயன்கள் அவை. எலிக்கு வாந்தி எடுக்க இயலாது, புதிய பொருளைக் கண்டால் அது தயங்கும், உணவும் மறைவிடமும் கிடைக்கும்வரை எத்தனை கொன்றாலும் மறுபடி பெருகும் என்பதையெல்லாம் எலியை அருகிருந்து கவனிக்கிறவர் எளிதில் விளங்கிக்கொள்வார். விஷத்தை மட்டும் நம்பியதன் விலை என்ன என்பதைச் சென்னை கண்டிருக்கிறது. 2024 நவம்பரில் குன்றத்தூரில், எலி ஒழிப்புக்காக மருந்து வைத்த வீட்டில் இரவு உறங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோர் மருத்துவமனையில் உயிருக்குப் போராடினார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் மீன் கழிவு அன்றன்று அகற்றப்பட்டால், சாக்கடைகள் மூடப்பட்டால், குப்பை நாள்தோறும் எடுக்கப்பட்டால் எலிகளின் எண்ணிக்கை தானே இறங்கும். அது மாநகராட்சியும் துறைமுக நிர்வாகங்களும் செய்ய வேண்டிய வேலை. அந்தக் கடமையிலிருந்து அவர்களை விடுவிக்கும் சாக்காக எலி மீதான வெறுப்பு மாறிவிடக் கூடாது.

கூண்டில் அடைப்பதே கொடுமை, பிறகு பேணுவதென்ன என்று உயிர்நேயர் சிலர் கேட்பதும் நியாயமே. கூண்டு எவ்வளவு பெரிதானாலும் அது கூண்டுதான். ஆனால் பல தலைமுறைகளாகக் கைவளர்ப்பாக வந்த உயிரை இனி வெளியே விடவும் முடியாது. ஏறி இறங்க மேல்தளங்கள், கடிக்க மரக்கட்டை, ஒளிய மண்சட்டி என்று வசதியுள்ள கூண்டில் இரண்டை வைத்து, தினமும் ஒரு மணி நேரமாவது மூடிய அறையில் பார்வையின் கீழ் ஓடவிட முடியும் என்றால் அது வாழத் தகுந்த வாழ்க்கை. அந்த ஒரு மணி நேரம் கிடைக்காத வீடு எலியை மறந்துவிடலாம். எலியின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுதான். அதற்குள் குழந்தைக்கு மரணத்தின் துயரம் வருமே என்பதும் மறுப்பாகச் சொல்லப்படுகிறது. துயரத்துக்கு அஞ்சி அன்பை விலக்க வேண்டியதில்லை. ஆனால் குழந்தைக்கு முன்கூட்டியே அதைச் சொல்லி வைப்பதும், எலியின் பொறுப்பு பெரியவருடையது, உதவி மட்டுமே குழந்தையுடையது என்று தெளிவாக்குவதும் பெற்றோர் கடமை.

இவ்வளவும் வாங்குகிறவரின் பொறுப்பு என்று சொல்லி, விற்கிறவரை விட்டுவிட முடியாது. 2018 விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவுச் சான்றிதழ் பெறாமல் எவரும் செல்லப் பிராணி விற்கக் கூடாது. அந்த விதிகளில் எலியும் அடக்கம். நாய்க்குட்டிக்கு இந்த விதியைப் பார்க்கும் அதிகாரிகள் எலிக்கும் பார்க்க வேண்டும். ஆணையும் பெண்ணையும் பிரிக்காமல் அடைத்து வைப்பது, தாயிடமிருந்து முன்கூட்டியே குட்டியைப் பிரித்து விற்பது, ஒற்றையாகச் சிறுவர் கையில் கொடுப்பது ஆகியவற்றை வாரியம் தெளிவாகத் தடுக்க வேண்டும். எலி எந்தப் பால், என்ன வயது, எதைத் தின்னும், யார் வீட்டில் வேண்டாம், நோயென்றால் எங்கே போவது என்ற விவரங்களைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளில் எழுதி, விற்கும்போது கையில் கொடுப்பதைக் கட்டாயமாக்கலாம். அதற்கு அரசுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். காப்பாற்றப்படுவது மனிதரின் உடல்நலமும் எலிகளின் உயிரும். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ எலி வாங்க நினைக்கும் பெற்றோர் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: பிள்ளையோடு சேர்ந்து வீட்டின் ஓட்டைகளை அடையுங்கள், தீனி டப்பாவை வாங்குங்கள், மருத்துவரை விசாரியுங்கள், குளிர்ந்த மூலையைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு மாதம் ஓடிய பிறகும் பிள்ளையின் ஆசை குறையாமலும் உங்கள் பொறுமை குறையாமலும் இருந்தால், இரண்டு எலிகளை வீட்டுக்கு அழைத்து வரலாம்.